அத்தியாயம் 9: பழைய பால் ஜாயின்ட்டைப் பார்த்துப் புதியதை வாங்குதல்

பிக்கப் என்றதும் நம்மூரில் மனதில் வருவது காய்கறி மூட்டை ஏற்றும் சின்ன வண்டி. இங்கே பேசப்போவது வட அமெரிக்காவின் ஹெவி டியூட்டி ரகம்: ஃபோர்டு எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500, செவ்ரோலே சில்வராடோ 2500 எச்டி போன்றவை. ஏற்றிய சுமையோடு சேர்த்து 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன் எடையைச் சாதாரணமாகச் சுமப்பவை. ராமில் வரும் கம்மின்ஸ் டீசல் இன்ஜின் மட்டுமே 500 கிலோவை ஒட்டி வரும். அந்த எடையில் பெரும்பங்கு முன் அச்சின் மேல்தான். பின்னால் தொட்டி காலியாக இருந்தாலும் முன்பக்கத்துக்கு ஓய்வில்லை. வண்டியின் மற்ற பாகங்கள் நல்ல நிலையில் இருக்கும்போதே பால் ஜாயின்ட் ஆட ஆரம்பிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எந்த பிராண்ட் நல்லது?" என்பது. அதை நான் இரண்டாவது கேள்வியாகத்தான் வைப்பேன். முதல் கேள்வி, பழையது எதனால் செத்தது என்பது. தண்ணீர் புகுந்து செத்த ஜாயின்ட்டுக்குப் பதிலாக எவ்வளவு கனமான உருக்கை வாங்கிப் போட்டாலும் அதிலும் தண்ணீர் புகும். அகல டயரால் செத்திருந்தால் புதியதும் அதே டயரைத்தான் தாங்கப்போகிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'ஹெவி டியூட்டி' என்று அச்சடிக்க யாரும் உரிமம் கேட்பதில்லை.

எது எதைத் தாங்குகிறது

ஃபோர்டு, ராம் இரண்டின் நான்கு சக்கர இயக்க வண்டிகளிலும் முன்னால் இருப்பது ஒரே நீளக் கட்டையான அச்சு. அதன் இரு முனைகளும் 'சி' எழுத்து வடிவில் பிளந்திருக்கும். அந்தப் பிளவைத் தழுவியபடி நக்கிள் நிற்கும். நக்கிளில்தான் சக்கரமும் பிரேக்கும் பொருந்தியிருக்கின்றன. சி-யையும் நக்கிளையும் மேலே ஒரு பால் ஜாயின்ட்டும் கீழே ஒரு பால் ஜாயின்ட்டும் இணைக்கின்றன. உறைக்குள் அடங்கிய உருக்குக் குண்டும், அதிலிருந்து நீளும் ஸ்டட் என்னும் கூம்பு முளையும் சேர்ந்ததே பால் ஜாயின்ட். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது நக்கிள் இந்த இரண்டையும் கீல்போல வைத்துத் திரும்புகிறது.

இரண்டுக்கும் வேலை ஒன்றல்ல. வண்டியின் எடையைத் தாங்குவது கீழ் ஜாயின்ட். மேல் ஜாயின்ட் நக்கிள் உள்ளேயும் வெளியேயும் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பெரும்பாலும் முதலில் தேய்வது கீழே இருப்பது. ஆனால் கீழே தளர்ந்த பின் மேலே உள்ளதன் மேல் வரும் இழுப்பும் மாறிவிடுகிறது. ஒன்றை மட்டும் மாற்றுவது பலமுறை வீண் சிக்கனமாக முடிவது இதனால்தான்.

ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் முன் அச்சு இப்படி ஒரே கட்டையாக இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியாக மேல் கை, கீழ் கை, முறுக்குக் கம்பி ஸ்பிரிங் என்று அமைப்பே வேறு. வாங்கும் விதிகள் அதற்கும் பொருந்தும். சோதிக்கும் விதம் மட்டும் மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1991 வரையிலான ஃபோர்டு எஃப்-350-இன் டானா 60 அச்சில் பால் ஜாயின்ட் கிடையாது. கிங்பின் என்னும் தடித்த முளைதான் இருக்கும், கீழே கூம்பு ரோலர் பேரிங் வைத்து. பழைய இரும்புக் கடைகளில் இன்றும் அந்த அச்சைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் இருப்பது அந்த அச்சு என்றால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது

முன் டயரின் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்வது, நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் அலைவது, மெதுவாகத் திருப்பும்போது முனகல், வேகத்தடையில் 'டக்' என்று ஒரு சத்தம்: இவையெல்லாம் பால் ஜாயின்ட்டின் அறிகுறிகள்தான். டை ராட் முனை, டிராக் பார் புஷ், வீல் பேரிங் ஆகியவற்றுக்கும் இதே அறிகுறிகள் உண்டு என்பதுதான் சிக்கல். ஒரே கட்டை அச்சு வண்டிகளில் நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன்பக்கம் முழுவதும் உதறுமே, அதற்கு நான்கு பால் ஜாயின்ட்டையும் மாற்றிவிட்டு உதறல் அப்படியே இருப்பதைப் பார்க்கிறவர்கள் நிறைய. டிராக் பாரின் போல்ட் துளை பெரிதாகிப் போயிருந்தால் பால் ஜாயின்ட் என்ன செய்யும்?

ஆகவே சோதித்த பிறகே பணம். ஒரே கட்டை அச்சு வண்டியில் அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து டயர் தரையை விட்டுச் சற்று மேலே எழும்படி தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேல்நோக்கி நெம்புங்கள். இன்னொருவர் கீழே படுத்து நக்கிளுக்கும் சி-க்கும் நடுவே கண்ணை வைக்க வேண்டும். நெம்பும்போது இடைவெளி திறந்து மூடினால் அது கீழ் ஜாயின்ட். அடுத்து டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள். அசைவு இருந்தால் உடனே முடிவுக்கு வராமல் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்துவிட்டால் குற்றவாளி வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயின்ட்.

ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் ஜாக்கியைச் சட்டத்துக்குக் கீழே வைத்தால் ஸ்பிரிங் விசை ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்ததுகூட நல்லதாய் நடிக்கும். கீழ்க் கைக்கு அடியில், ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்தால்தான் உண்மை தெரியும்.

எவ்வளவு ஆட்டம் அனுமதி என்பது வண்டிக்கு வண்டி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த எண்ணைச் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். மெக்கானிக்கிடம் டயல் கேஜ் வைத்து அளந்து காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். "கையால் ஆட்டிப் பார்த்தேன், போயிருச்சு" என்பது அளவு ஆகாது.

கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள்

கழற்றி வந்த பழைய ஜாயின்ட்டுகளை உடனே பழைய இரும்பில் போட்டுவிடுவார்கள். முன்னதாகவே சொல்லி நான்கையும், எது எந்தப் பக்கம் என்று எழுதி, எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ரப்பர் பூட்டை முதலில் பாருங்கள். கிழிந்து, உள்ளே செம்பழுப்பாகச் சேறுபோல இருந்தால் காரணம் தண்ணீரும் உப்பும். குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மிச்சிகன், ஒன்டாரியோ பக்கம் இது மிகச் சாதாரணம். ஸ்கார்பரோவிலிருக்கும் தமிழ் வாசகர்களுக்கு உப்பு வண்டியை என்ன செய்யும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. படகை ஏரியில் இறக்க அச்சு முங்கும் அளவுக்கு வண்டியைப் பின்னால் விடுபவர்களுக்கும் இதே கதி. இந்த மரணத்துக்கு மருந்து உருக்கின் கனத்தில் இல்லை. பூட்டின் தரத்திலும், உள்ளே புகுந்ததைப் புது கிரீஸால் வெளியே தள்ள முடிகிறதா என்பதிலும்தான் இருக்கிறது.

பூட் முழுசாக இருக்கிறது, உள்ளே வறண்டு குண்டு பளபளக்கிறது என்றால் கிரீஸ் தீர்ந்து ஓடியிருக்கிறது. கிரீஸ் நிப்பிள் இருந்தும் இப்படி ஆகியிருந்தால் யாரும் கிரீஸ் கன்னை வைக்கவில்லை, அல்லது வைத்தும் உள்ளே போகவில்லை. நிப்பிள் அச்சுத் தண்டின் குறுக்கு முளைக்கு (யூ-ஜாயின்ட்) எதிரே இருந்து கன் எட்டாமல் போவது இந்த வண்டிகளில் சகஜம்.

ஒரே பக்கமாக, பிறை வடிவில் தேய்ந்திருந்தால் சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள். மேல், கீழ் ஜாயின்ட் இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்து அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால், அது டயரின் நடுவுக்கு அருகே தொட வேண்டும். வெளியே துருத்தும் அகல ரிம், 37 அங்குல டயர் என்று போட்டதும் டயரின் நடு அந்தக் கோட்டை விட்டு வெளியே போய்விடுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு பிரேக்கும் அந்தத் தூரத்தை நெம்புகோலாக்கி ஜாயின்ட்டை முறுக்குகின்றன. டயரின் கூடுதல் எடை வேறு. இந்த ஆசை இருப்பவர்கள் பால் ஜாயின்ட்டை டயரைப்போலத் தேயும் பொருளாகக் கணக்கில் வைத்துக்கொள்வதே நியாயம்.

பனி தள்ளும் தகடு இன்னொரு வகை. 350 கிலோத் தகடு முன் அச்சுக்கு வெகு முன்னால் தொங்கும்போது பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, தன் எடையைவிட அதிகமாகவே முன் அச்சில் ஏற்றிவிடுகிறது. தகடு மாட்டும் வண்டிக்குக் கீழ் ஜாயின்ட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது. குளிர்காலம் முடிந்ததும் தகட்டைக் கழற்றி வைப்பதும் அந்தச் செலவைக் குறைக்கும்.

கடைசியாக ஸ்டட்டின் கூம்பைப் பாருங்கள். அங்கே துருக்கோடுகளோ உரசிய வளையங்களோ இருந்தால் ஜாயின்ட் தேயவில்லை, நட்டு சரியாக இறுக்கப்படாமல் கூம்பு தன் துளையில் ஆடியிருக்கிறது. அப்படியானால் துளையும் பெரிதாகியிருக்கலாம். புதியது வாங்கும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

தொழிற்சாலையிலிருந்து வருபவை பெரும்பாலும் நிரந்தரமாக மூடப்பட்டவை. உருக்குக் குண்டுக்கும் உறைக்கும் நடுவே வழுக்கும் பிளாஸ்டிக் போன்ற லைனர் இருக்கும், கிரீஸ் நிப்பிள் இருக்காது. இதைக் கேவலமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நான் அதற்கு உடன்பட மாட்டேன். இறுக்கமான வாய், குறைந்த உராய்வு, இலகுவான ஸ்டீயரிங் மூன்றும் இதன் பலம். சாதாரண டயர், நெடுஞ்சாலை ஓட்டம், வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காத உரிமையாளர் என்றால் மோப்பார், மோட்டார்கிராஃப்ட் அல்லது டானாவின் சொந்த ஸ்பைசர் ஜாயின்ட்டே போதும். பலவீனம் ஒன்றுதான்: பூட் கிழிந்த நாளிலிருந்து அதைக் காப்பாற்ற வழியில்லை.

இரண்டாவது ரகம் உலோகத்தின் மேல் உலோகம். குண்டு அமரும் இடம் தூள் உலோகத்தை அழுத்திச் சுட்டது. கிரீஸ் பாய வழி விட்டிருப்பார்கள், தேய்மானத்தை ஈடுகட்ட உள்ளே ஸ்பிரிங் இருக்கும். மூக் நிறுவனத்தின் 'ப்ராப்ளம் சால்வர்' வரிசை இந்த வகையில் மிகப் பெயர் போனது. டொராண்டோவைச் சேர்ந்த மெவோடெக்கின் டிடிஎக்ஸ் வரிசையும் இந்தக் கடினமான உபயோகத்துக்கென்றே விற்கப்படுகிறது. எடையைத் தாங்குவதில் இந்த ரகம் கெட்டி. ஆனால் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது என்பது ஒரு ஒப்பந்தம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் கன்னை வைப்பேன் என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். போட்டுவிட்டு மறந்தால், உலோகம் உலோகத்தை அரைத்து, மூடிய ரகத்தைவிட முன்னதாகவே போய்விடும். கிரீஸ் வைக்காதவருக்கு இந்த ரகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, கழற்றிப் புதுப்பிக்கக்கூடியவை. கலிஃபோர்னியாவின் டைனாட்ராக் செய்வதுபோல, உறையை அச்சிலேயே விட்டுவிட்டு உள்ளே உள்ளதை மட்டும் மாற்றலாம். விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு. கனத்த டயரோடு காட்டிலும் கல்லிலும் ஓட்டுபவர், வண்டியைப் பல வருடம் கையில் வைத்திருப்பவர் ஆகியோருக்கு இது கணக்கில் பொருந்தும். அடுத்த வருடம் விற்கப்போகும் வண்டிக்கு இதை மாட்டுவது வாங்குபவருக்குச் செய்யும் தானம்.

இவற்றுக்கிடையே பலர் கவனிக்காத குணம் ஒன்று உண்டு: திரும்பும் எளிமை. கையில் எடுத்து ஸ்டட்டை அசைத்துப் பார்க்கிறவர்கள், அசையவே மறுக்கும் ஜாயின்ட்டை 'அப்பா, என்ன இறுக்கம், இது நிற்கும்' என்று மெச்சுகிறார்கள். பொருத்தியதும் வண்டி வளைவிலிருந்து தானாக நேராகாது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் விட்டீர்களோ அந்தப் பக்கமே நிற்கும். நேர்ச்சாலையில் இடம் வலம் என்று ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். ஆறு மணி நேரம் டிரெய்லர் இழுத்தால் தோள்பட்டை சொல்லும். புது உலோக ஜாயின்ட் தொடக்கத்தில் சற்று இறுக்கமாயிருந்து ஓட ஓடப் பழகுவது இயல்பு. சொரசொரவென்று சிக்கிச் சிக்கி நகர்வது இயல்பல்ல. அப்படிப்பட்டதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

'ஆயுட்கால உத்தரவாதம்' என்ற வரியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அது அநேகமாகப் பொருளுக்கு மட்டும். இந்த வண்டிகளில் சக்கர ஹப், பிரேக், அச்சுத் தண்டு எல்லாவற்றையும் இறக்கினால்தான் பால் ஜாயின்ட்டைத் தொட முடியும். துருப் பிடித்த ஹப் நக்கிளோடு ஒட்டிக்கொண்டால் அதை விடுவிக்கவே அரை நாள் போகும். கூலிதான் பெரிய தொகை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் ஜாயின்ட்டைவிட எட்டு வருடம் நிற்கும் ஜாயின்ட் மலிவு. இதே கணக்கால்தான், ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலும் கீழும் சேர்த்தே மாற்றுங்கள் என்கிறேன். அச்சுத் தண்டின் குறுக்கு முளையையும் எண்ணெய் சீலையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பெயர் பெற்ற பிராண்டுகளின் போலிகள் சந்தையில் உண்டு. நம்ப முடியாத விலையில் இணையத்தில் கிடைப்பதை ஒதுக்குங்கள். உறையின் மேல் பொறித்த பெயரும் எண்ணும் பெட்டியோடு ஒத்துப்போகிறதா, ஸ்டட்டின் கூம்பு மேடுபள்ளமில்லாமல் கடைந்திருக்கிறதா, பூட் உறையோடு வளையம் போட்டுப் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே செருகி வைத்த பூட் முதல் குளிர்காலத்திலேயே கழன்றுவிடும். எண்ணைச் சரிபார்க்கும்போது மாடல் ஆண்டை வைத்து மட்டும் வாங்காதீர்கள். வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து, எந்த அச்சு என்று உறுதிசெய்து வாங்குங்கள். ராமில் 2003-இல் புது உருவம் வந்தபோது முன் அச்சு டானாவிலிருந்து அமெரிக்கன் ஆக்ஸிலுக்கு மாறியது. அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ள வண்டிகளுக்குப் பாகங்கள் ஒன்றல்ல.

பொருத்துகையில்

நல்ல ஜாயின்ட்டைக் கெடுக்கும் இடம் பட்டறைதான். புதியதைத் துளைக்குள் ஏற்றும்போது சி வடிவ பிரஸ்ஸின் சரியான கிண்ணம் உறையின் விளிம்பில் மட்டும் அமர வேண்டும். நடுமூடியில் அழுத்தினால் உள்ளே குண்டு நசுங்கி, பிறக்கும்போதே நோயாளியாகிவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். துளையைக் கம்பித் தூரிகையால் துருப்போகத் தேயுங்கள். விரலால் தள்ளினாலே உள்ளே போகிறது என்றால் துளை தேய்ந்துவிட்டது. வெல்டிங் பொட்டு வைத்து நிறுத்தும் வித்தையை மறுத்துவிட்டு, சற்றுப் பெரிய அளவு உறையுள்ள ஜாயின்ட் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் மேல் ஸ்டட்டைச் சுற்றி ஒரு கோண வளையம் இருக்கும். சக்கரத்தின் சாய்வை நிர்ணயிப்பது அது. கழற்றும் முன் அது நிற்கும் திசையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

நட்டை இறுக்கும் வரிசை முக்கியம். கீழ் நட்டை முதலில் ஓரளவு இறுக்கி, மேல் நட்டை முழு அளவுக்கு இறுக்கி, பிறகு கீழ் நட்டுக்குத் திரும்பி முழு அளவுக்குக் கொண்டுவருவது பொதுவான முறை. உங்கள் அச்சுக்கான எண்களையும் வரிசையையும் சர்வீஸ் புத்தகத்திலிருந்து எடுத்து, டார்க் ரெஞ்சால் மட்டும் இறுக்குங்கள். வரிசை தவறினால் இரண்டு ஜாயின்ட்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, நல்ல ஜாயின்ட்டையும் இறுகிப்போனதாக ஆக்கிவிடும். ஸ்பிலிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் சற்று முன்னால் இறுக்குங்கள். பின்னால் தளர்த்தி நேராக்குவது கூடாது.

டை ராட்டை மாட்டும் முன் நக்கிளைக் கையால் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கனமாக, ஆனால் ஒரே சீராக நகர வேண்டும். எங்காவது சிக்கினால் அப்போதே அவிழ்த்துப் பார்ப்பது சுலபம். சக்கரம் ஏறிய பிறகு யாருக்கும் மனம் வராது. கிரீஸ் நிப்பிள் உள்ள ரகமானால் கைக் கன்னால் மெதுவாக, பூட் லேசாக உப்பும் வரை மட்டும் ஏற்றுங்கள். காற்றழுத்தக் கன் ஒரே நொடியில் பூட்டைப் பிதுக்கிவிடும். கன் எட்டாத இடமென்றால் தட்டையான நிப்பிளும் ஊசி முனையும் கடையில் கிடைக்கும். அச்சுத் தண்டு மாட்டும் முன்பே அதைப் போட்டுச் சரிபாருங்கள்.

எல்லாம் மாட்டிய பின் சக்கர அலைன்மென்ட் செய்து, அளவுகள் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். பிறகு காலியான ஒரு வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாக ஓட்டி, முழு வளைவில் ஸ்டீயரிங்கைக் கை தளர்த்தி விட்டுப் பாருங்கள். வண்டி தானாக நேராக வந்தால் நெடுஞ்சாலைக்கு எடுக்கலாம். வராமல் வளைந்தபடியே நின்றால், 'ஓடினால் சரியாகிவிடும்' என்று பட்டறைக்காரர் எவ்வளவு சொன்னாலும், நட்டு இறுக்கிய வரிசையை அன்றைக்கே அங்கேயே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.